பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பென்ஷன்: அடிக்கடி எழும் கேள்விகள்

மாதாமாதம் சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கோடு சேர்ந்தே ஒரு பென்ஷனும் ஓடுகிறது என்பதைப் பலர் வேலையை விட்ட பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கும், உடல் முடங்கி வேலை செய்ய முடியாமல் போனவருக்கும் அதில் பணம் உண்டு என்பது இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும். கேட்டால் கிடைக்கும் பணம் இது. கேட்காமல் எந்த அதிகாரியும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்.

இந்தத் திட்டத்தின் பெயர் ஊழியர் ஓய்வூதியத் திட்டம், 1995. பி.எஃப். ஆபீஸில் இ.பி.எஸ். 95 என்பார்கள். 1995 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கிறது. நம் பங்கான 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போய்விடுகிறது. நிர்வாகம் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்கும், மீதி 3.67 சதவீதம் நம் பி.எஃப்.க்கும் போகும். மத்திய அரசும் 1.16 சதவீதம் சேர்க்கிறது. இந்தக் கணக்குக்குச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். அதற்கும் 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய் உச்சவரம்பு. கையில் 40,000 வாங்குகிறவருக்கும் பென்ஷன் நிதிக்குப் போவது பொதுவாக மாதம் 1,250 ரூபாய்தான். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக வேலைக்குச் சேர்ந்து, சேரும்போதே 15,000-க்கு மேல் சம்பளம் வாங்கியவர்கள் இந்தப் பென்ஷனில் சேர மாட்டார்கள்.

எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும்?

மாதப் பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும், வயது 58 ஆக வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள பகுதியை முழு வருஷமாக எடுத்துக்கொள்வதால், ஒன்பதரை வருஷம் முடித்தவரும் 10 வருஷக்காரர்தான். ஒரே கம்பெனியில் 10 வருஷம் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் நிறைய. அது தேவையே இல்லை. நான்கு இடத்தில் வேலை பார்த்திருந்தாலும் எல்லா சர்வீஸும் கூட்டித்தான் கணக்கு. ஆனால் பழைய கணக்குகளை இப்போதைய கணக்குக்கு மாற்றியிருக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் போன நாட்கள் சர்வீஸிலிருந்து கழியும்.

கணக்கை மாற்றும்போது ஒரு விஷயம் பலரைப் பதற வைக்கிறது. பாஸ்புக்கைத் திறந்தால் பி.எஃப். பணம் வந்திருக்கும், பென்ஷன் பத்தியில் மட்டும் பூஜ்யம் இருக்கும். பணம் எங்கேயும் போய்விடவில்லை. பென்ஷன் நிதி எல்லோருக்கும் பொதுவான ஒரே நிதி. அதில் நம் பேரில் வட்டி சேருவதும் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி பணம் மாறுவதும் கிடையாது. மாறிப் போவது நம் சர்வீஸ் வருஷங்கள் மட்டுமே. ஆகவே சரிபார்க்க வேண்டியது அந்தப் பத்தியில் உள்ள ரூபாயை விட, யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உள்ள நிரந்தர எண்) தளத்தில் சர்வீஸ் விவரத்தில் காட்டும் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும்தான். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், பின்னால் எல்லா வேலையும் அங்கேயே முட்டி நிற்கும்.

எவ்வளவு வரும்?

கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்ச் சம்பளம், 10 வருஷ சர்வீஸ் என்றால் 2,143 ரூபாய்.

ஆனால் 2014-க்கு முன்பே வேலையில் இருந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, கையில் வருவது குறைகிறதே என்று அலைகிறார்கள். காரணம் இதுதான்: 2014 செப்டம்பருக்கு முன் உச்சவரம்பு 6,500 ரூபாயாக இருந்தது. அந்தக் கால சர்வீஸுக்கு 6,500 வரையும், பிற்பாடு உள்ள சர்வீஸுக்கு 15,000 வரையும் என்று இரண்டு துண்டாகப் பிரித்துத்தான் போடுவார்கள். 2004 செப்டம்பரில் சேர்ந்து 2026 ஆகஸ்டில் ஓய்வு பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் 10 வருஷத்துக்கு 6,500-ஐ 10-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 929 ரூபாய். அடுத்த 12 வருஷத்துக்கு 15,000-ஐ 12-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 2,571. மொத்தம் 3,500. இருபது வருஷத்தைத் தாண்டியவர் என்பதால் கூடுதலாக 2 வருஷம் போனஸ் சர்வீஸும் சேரும். முப்பது நாளும் உழைத்தவருக்கு இது போதுமான தொகை என்று என்னால் சொல்ல முடியாது. குறைந்தபட்சப் பென்ஷன் 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்தது, அதற்குப் பிறகு விலைவாசி எங்கேயோ போய்விட்டது. இருந்தாலும் உரிமையுள்ள தொகையை விட்டுவிடக் கூடாது.

50 வயது முடிந்தால், வேலையில் இல்லாதவர்கள் முன்கூட்டியே பென்ஷன் கேட்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வீதம் குறையும், அந்தக் குறைப்பு ஆயுள் முழுக்கத் தொடரும். வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய அவசரப்பட வேண்டாம். 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும்.

வேலையை விடும்போது பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடலாமா?

10 வருஷம் முடியாதவர்கள் 10சி படிவம் போட்டு ஒரு தொகையை எடுத்துக்கொள்ளலாம். அது இவ்வளவு நாள் சேர்ந்த பணம் அல்ல. சர்வீஸ் வருஷத்தையும் கடைசிச் சம்பளத்தையும் வைத்து ஓர் அட்டவணைப்படி தருவது. எடுத்ததும் அதுவரை பார்த்த சர்வீஸ் அழிந்துவிடும்.

கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு இதனால் பெரிய இழப்பு. ஆறு வருஷம் வேலை, கல்யாணம், வேலையை விடுதல், 10சி. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு மறுபடி வேலைக்கு வந்து இன்னும் ஏழு வருஷம் பார்ப்பார்கள். மொத்தம் 13 வருஷ உழைப்பு, ஆனால் ஏடுகளில் 7 மட்டுமே இருக்கும், பென்ஷன் கிடையாது. அதே 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் என்று குறிப்பிட்டால், அந்த ஆறு வருஷமும் பத்திரமாக இருக்கும். பிறகு எப்போது வேலைக்குச் சேர்ந்தாலும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு கட்டத்தில் என்ன தேர்வு செய்கிறோம் என்பதுதான் பல பெண்களுக்கு முதுமையில் மாத வருமானம் இருக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறவர் யாராக இருந்தாலும், எந்த இடத்தில் குறிக்கிறார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உடல் முடங்கிப் போனால்?

வேலையில் இருக்கும் காலத்தில் நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாத நிலை வந்துவிட்டால், 10 வருஷம் என்ற நிபந்தனை பொருந்தாது. ஒரு மாதம் பென்ஷன் நிதிக்குப் பணம் கட்டப்பட்டிருந்தாலே போதும். ஊனம் வேலை செய்யும் இடத்தில்தான் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பி.எஃப். ஆபீஸ் குறிப்பிடும் மருத்துவ வாரியத்தின் முன் பரிசோதனைக்குப் போக வேண்டும். அவர்கள் சான்று கொடுத்தால் 58 வயதுக்குக் காத்திருக்காமலே பென்ஷன் தொடங்கும், ஆயுள் முழுக்க வரும். மாதப் பென்ஷன் கேட்கப் போடும் 10டி படிவம்தான் இதற்கும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) தரும் ஊன உதவித் தொகை தனித் திட்டம், அதற்கு வேறு ஆபீஸ், வேறு விண்ணப்பம்.

வேலையில் இருந்தவர் இறந்துவிட்டால்?

இங்கேயும் ஒரு மாதம் பணம் கட்டியிருந்தால் போதும். மனைவிக்கு, அல்லது இறந்தவர் பெண் என்றால் கணவருக்கு, மாதப் பென்ஷன் உண்டு. அது 1,000 ரூபாய்க்குக் குறையாது. கூடவே 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு, ஒவ்வொருவருக்கும் அந்தப் பென்ஷனில் 25 சதவீதம். அம்மாவுக்கு 2,400 என்றால் பிள்ளைக்கு 600 வீதம், ஆக வீட்டுக்கு 3,600. மூன்றாவது பிள்ளை இருந்தால், மூத்தவருக்கு 25 முடிந்ததும் அந்த இடம் அடுத்தவருக்கு வரும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பில்லை. அப்பா, அம்மா இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கு 75 சதவீதம். வாழ்க்கைத் துணை மறுமணம் செய்துகொண்டால் அவருடைய பென்ஷன் நின்று, பிள்ளைகளுக்கு இந்த அதிக விகிதம் வரும்.

10 வருஷம் முடித்து வேலையை விட்டுவிட்டு, 58 ஆகும் முன்பே இறந்தவரின் குடும்பத்துக்கும் பென்ஷன் உண்டு. பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் துணைக்கு அதில் பாதி.

கல்யாணமாகாதவர்கள் நாமினியை எழுதிவைக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டுமே. நாமினி யாரும் இல்லையென்றால் சார்ந்திருக்கும் அப்பாவுக்கும், அவர் காலத்துக்குப் பிறகு அம்மாவுக்கும் போகும். கல்யாணமானதும் பழைய நாமினி செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும்.

வேலையில் இருக்கும்போது நேர்ந்த இறப்பு என்றால் பென்ஷன், பி.எஃப். பணம், பி.எஃப். உறுப்பினர்களுக்கு உள்ள, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரையான இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடு ஆகிய மூன்றையும் ஒரே கூட்டுப் படிவத்தில் கேட்கலாம். பி.எஃப். பணம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, மற்ற இரண்டையும் கேட்காமல் விடும் குடும்பங்கள் உண்டு. யு.ஏ.என். தளத்தில் இ-நாமினேஷன் (ஆன்லைனில் நாமினி பதிவு) முன்பே செய்திருந்தால், குடும்பத்தார் ஆதார் ஓ.டி.பி. மூலம் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்க முடியும். செய்யாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், கையெழுத்துக்குக் கம்பெனி என்று துக்கத்தோடு அலைய வேண்டும். இன்று இரவே உட்கார்ந்து அதை முடித்துவிடுங்கள்.

பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால்?

பெரும்பாலும் ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். பதிவில் ஒரு மாதிரி இருக்கும். இனிஷியல் முன்னால், பின்னால் என்பதுகூடப் பிரச்சினை ஆகும். பிறந்த தேதி மாறியிருந்தால் 58 எப்போது என்பதே மாறிவிடும். ஓய்வுக்கு ஓரிரு வருஷம் முன்பே திருத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் கம்பெனி இயங்கும்போது ஒப்புதல் வாங்குவது சுலபம்.

பென்ஷன் தொடங்கிய பிறகு வருஷத்துக்கு ஒருமுறை லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். நவம்பரில்தான் என்றில்லை, எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். செல்போனில் முகத்தைக் காட்டியும் செய்யலாம். 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம் என்பதால், பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போகிறவர்கள் பி.பி.ஓ.வை (பென்ஷன் வழங்கும் உத்தரவை) மாற்ற அலைய வேண்டியதில்லை.

குறையில்லாத விண்ணப்பத்தை 20 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. தாண்டினால் பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியுங்கள். மாதந்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் குறைகேட்பு முகாமும் நடக்கிறது, காகிதங்களோடு நேரில் போகலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. சதவீதம் கேட்கும் புரோக்கரிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுக்காதீர்கள்.