இலைப்பேனின் குஞ்சுப் பருவமும் டாஸ்போ வைரஸும்

தக்காளிச் செடியின் இளம் இலைகள் முதலில் வெண்கல நிறம் பெறும். பிறகு சிறு கரும்புள்ளிகள் தோன்றிக் குருத்து வாடிச் சாயும். காய்களின் தோலில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் விழும். 1915-இல் ஆஸ்திரேலியாவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்தப் புள்ளி வாடல் நோயின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கித்தான், இதை உண்டாக்கும் வைரஸுக்கும் அதன் உறவுகளுக்கும் 'டாஸ்போ வைரஸ்கள்' என்று பெயரிட்டார்கள். மிளகாய், நிலக்கடலை, புகையிலை உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் குடியேறும் இந்த வைரஸ், வயலில் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள இலைப்பேனைத்தான் நம்பியிருக்கிறது.

இலைப்பேனுக்கு இடப்பக்கத் தாடை மட்டுமே வளர்ந்திருக்கும். அதைக்கொண்டு இலையின் மேல்தோலைத் துளைத்து, உமிழ்நீரைச் செலுத்தி, செல்லின் சாற்றை உறிஞ்சுகிறது. வெறுமையான செல்களில் காற்று நிரம்புவதால் அந்த இடம் வெள்ளிபோல் மினுங்கும்.

வியப்புக்குரியது இதன் பருவக் கணக்கு. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு நோயுற்ற இலையை உண்டால், வைரஸ் அதன் நடுக்குடல் செல்களில் புகுந்து பெருகி, குடலைச் சூழ்ந்த தசைகளைக் கடந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அப்பூச்சி நோய் பரப்பும். இறக்கை முளைத்த பிறகு முதன்முறையாக அதே இலையை உறிஞ்சும் பூச்சியிலோ வைரஸ் சுரப்பிவரை சென்று சேர்வதில்லை. இளங்குஞ்சின் உடலில் குடலும் சுரப்பியும் ஒன்றையொன்று ஒட்டியிருந்து, வளர வளர விலகிவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

பூச்சியின் குடல் செல்லைப் பற்றிக்கொள்ள, வைரஸின் கொழுப்பு உறையில் துருத்தி நிற்கும் புரதங்கள் வேண்டும். ஆய்வகத்தில் நோயுற்ற இலைச்சாற்றைத் தேய்த்துத் தேய்த்துச் செடிக்குச் செடி மாற்றி வளர்க்கும்போது சில வைரஸ்கள் இந்த உறையையே இழந்துவிடுகின்றன. செடிக்குள் அவை தடையின்றிப் பெருகினாலும் இலைப்பேன் வழியாகப் பரவும் திறன் அவற்றுக்கு இல்லை. தாவரத்தைத் தாக்கும் வைரஸ்களில் உறை கொண்டவை மிகச் சிலவே. டாஸ்போவின் தூரத்து உறவான ஹன்டா வைரஸோ விலங்குகளைத் தாக்குவது.

தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கு வைரஸ் செல்வதில்லை என்பதால், ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகப் பெற்றாக வேண்டும். இலைப்பேன் முட்டையிட்டுக் குஞ்சு வளராத செடி, தானே நோயுற்றிருந்தாலும், அடுத்த செடிக்கு ஆபத்தில்லை. வரப்போரத்தில் பூத்து நிற்கும் களைச்செடி வைரஸையும் குஞ்சுகளையும் ஒருசேரத் தாங்கினால் அதுவே ஊற்று. அங்கிருந்து வைரஸோடு பறந்துவரும் பூச்சிக்குச் சில நிமிட உறிஞ்சலே போதும். மருந்து அதைக் கொல்வதற்குள் செடிக்கு நோய் தொற்றியிருக்கும்.