அணுக் காப்புப் பண்பாடு: சொல் விளக்கம்

அணுப்பொருள்களைக் கையாளும் இடங்களில் திருட்டு, நாசவேலை, அத்துமீறிய நுழைவு, சட்டத்துக்குப் புறம்பான கைமாற்றம் போன்ற தீய நோக்குள்ள செயல்களைத் தடுக்கவும், கண்டறியவும், நிகழ்ந்துவிட்டால் எதிர்கொள்ளவும் துணைநிற்கும் வகையில், தனிமனிதர்களிடமும் நிறுவனத்திடமும் ஊறிப்போயிருக்கும் இயல்புகள், மனப்பாங்குகள், நடத்தைகள் ஆகியவற்றின் தொகுப்பையே ‘நியூக்ளியர் செக்யூரிட்டி கல்ச்சர்’ என்று குறிப்பிடுகிறார்கள். பன்னாட்டு அணுசக்தி முகமை 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின் வரையறையும் இதையே சொல்கிறது. தமிழில் இதற்கு ‘அணு பாதுகாப்பு கலாச்சாரம்’ என்னும் தொடர் எளிதாகக் கைக்கு வந்துவிடுகிறது. அதில் உள்ள மூன்று சொற்களில் இரண்டை மாற்றியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லையென்றால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே படிப்பவருக்குப் புலப்படாது.

முதல் சிக்கல் ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’ எனப் பிரித்து வழங்கும் இரண்டு கருத்துகளையும் நாம் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் குறித்து வருகிறோம். அணுத்துறையில் இவை வேறு வேறு பணிகள். உலையின் குளிர்விப்பு நின்றுபோவது, குழாய் வெடிப்பது, பணியாளர் தவறான விசையை அழுத்துவது, நிலநடுக்கம் வருவது ஆகியவற்றால் கதிரியக்கம் வெளியேறாமல் காப்பது முதலாவது. அங்கே தீங்கு செய்ய நினைப்பவர் எவரும் இல்லை. இரண்டாவதில், மறுபக்கத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் திட்டமிடுகிறார், வேவு பார்க்கிறார், நம் ஏற்பாடுகளைக் கற்றுக்கொண்டு அவற்றைச் சுற்றி வழி தேடுகிறார். இயற்கையும் இயந்திரமும் நம்மை ஏமாற்ற முயல்வதில்லை; மனிதர் முயல்வார். இந்த வேறுபாட்டை மறைத்துவிடும் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பயிற்சி வகுப்பைக்கூடத் தெளிவாக நடத்த முடியாது.

இந்த நெருக்கடி தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மொழியில் ‘செகுரிதாத்’ என்பதும், ரஷ்ய மொழியில் ‘பெசொபாஸ்னஸ்த்’ என்பதும் இரண்டு கருத்துகளுக்கும் பொதுவானவையே. ஆகவே பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஸ்பானிய, ரஷ்யப் பதிப்புகளில் செக்யூரிட்டியைக் குறிக்கும்போது ‘பௌதிக’ (ஃபிசிகல்) என்னும் பொருள் தரும் அடைமொழி ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அது ஒரு வகையில் தீர்வுதான் என்றாலும், வேலியும் பூட்டும் மட்டுமே செக்யூரிட்டி என்ற எண்ணத்தை அந்த அடைமொழி வளர்த்துவிடும் என்ற தயக்கம் எனக்கு உண்டு. தமிழில் அடைமொழி தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது.

அந்த வழி ‘காப்பு’. ‘கா’ என்னும் வேரிலிருந்தே காப்பு, காவல், பாதுகாப்பு யாவும் கிளைத்தன. நூலுக்கு இடையூறு நேராதிருக்க முன்னதாகப் பாடிவைப்பதைக் காப்புச் செய்யுள் என்கிறோம். மனிதர் அத்துமீறி நுழைந்து மரம் வெட்டாமலும் வேட்டையாடாமலும் சட்டத்தால் காக்கப்படும் காட்டைக் காப்புக்காடு என்கிறோம். வரக்கூடிய தீங்கை எதிர்பார்த்து முன்கூட்டியே செய்யும் ஏற்பாடு என்ற பொருள் இரண்டிலும் நிற்கிறது. எனவே சேஃப்டிக்குப் பாதுகாப்பு என்பதையே நிலைநிறுத்தி, செக்யூரிட்டிக்குக் காப்பு என்று வழங்கலாம். ‘காவல்’ பொருந்தாதா என்று கேட்கலாம். காவல் என்றதும் சீருடையும் வாயிற்கதவும் நினைவுக்கு வருகின்றன. இங்கே சொல்லப்படும் பொறுப்போ ஆய்வுக்கூட உதவியாளரிலிருந்து கணக்கு எழுதுபவர் வரை எல்லாருடையது. ‘காப்புறுதி’ என்ற சொல் ஏற்கெனவே இன்ஷூரன்ஸைக் குறிக்க வழங்குவதால் அதையும் விலக்க வேண்டியிருக்கிறது.

‘செக்யூரிட்டி’யின் பிறப்பையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. இலத்தீன் மொழியில் ‘சே’ என்றால் இன்றி, ‘கூரா’ என்றால் கவலை அல்லது அக்கறை. ‘செகூருஸ்’ என்பவர் கவலையற்றிருப்பவர். ஆனால் அணுத்துறை இன்று கேட்பது கவலையற்ற மனத்துக்கு நேர் எதிரானதை. மேலே சொன்ன வழிகாட்டி முழுவதும் ஓர் அடித்தளத்தின் மேல் நிற்கிறது: அச்சுறுத்தல் மெய்யானது, அதைத் தடுக்கும் வேலை முக்கியமானது என்று பணியாளர் உள்ளபடியே நம்ப வேண்டும். இந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் விதிகள் எத்தனை இருந்தாலும் அவை தாளில் மட்டுமே இருக்கும்.

அடுத்தது ‘கலாச்சாரம்’. கலை, ஆசாரம் என்னும் இரண்டும் சேர்ந்த இச்சொல் ஆடல், பாடல், உடை, சடங்கு ஆகியவற்றைக் குறிக்கப் பொருத்தமானது; வேலையிடத்தில் மனிதர் நடந்துகொள்ளும் முறையை அது தொடுவதில்லை. ‘பண்பாடு’ தொடுகிறது. ஏற்படு ஏற்பாடு ஆனதுபோல, கட்டுப்படு கட்டுப்பாடு ஆனதுபோல, பண்படு பண்பாடு ஆயிற்று. நிலத்தை உழுது உரமிட்டு விளைச்சலுக்கு ஏற்றதாக்குவதைப் பண்படுத்துதல் என்கிறோம். ‘கல்ச்சர்’ என்பதும் உழுது பயிரிடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்தே வந்தது என்பதால், இரு மொழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ‘பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்று கலித்தொகை சொல்லும்போது, அறிவதோடு நிற்காமல் அறிந்தபடி ஒழுகுவதையே அது பண்பு என்கிறது. அணுத்துறை வழிகாட்டிகள் பல பக்கங்களில் விளக்க முயல்வதும் இதைத்தான். விதி தெரியும் என்பது பயிற்சி. மேலாளர் பார்க்காத நேரத்திலும் அதன்படி நடப்பது பண்பாடு.

கருத்தின் வரலாறு நீண்டதன்று. 1986-இல் செர்னோபில் விபத்து நிகழ்ந்த பிறகு, அதை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர் குழு ‘சேஃப்டி கல்ச்சர்’ என்னும் தொடரை முன்வைத்தது. 1991-இல் அதே குழு அதற்கென்றே தனி அறிக்கை எழுதியது. செக்யூரிட்டிக்கு அதை ஒட்டிய தொடர் பின்னரே வந்தது. அணுப்பொருள்களின் பௌதிகக் காப்பு பற்றிய பன்னாட்டு உடன்படிக்கைக்கு 2005-இல் ஏற்கப்பட்ட திருத்தம், காப்புப் பண்பாட்டுக்கு உரிய முன்னுரிமை தருவதைத் தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வர 2016 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இச்சொல் எதைச் சுட்டுகிறது என்பதை 2012 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஓக் ரிட்ஜ் நகரிலுள்ள ஒய்-12 என்னும் அணு ஆயுதப் பொருள் வளாகத்தில் நடந்தது தெளிவாகக் காட்டும். அணு ஆயுத எதிர்ப்பாளர்கள் மூவர் விடியுமுன் வேலிகளை வெட்டிக்கொண்டு, உயர்செறிவு யுரேனியம் வைக்கப்பட்டிருக்கும் கட்டடத்தின் சுவர் வரை சென்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் 82 வயதுக் கன்னியாஸ்திரி. சுவரில் வாசகங்கள் எழுதி, சுத்தியலால் அதைத் தட்டவும் செய்தார்கள். உள்ளே இருந்த காவலர் சுத்தியல் ஓசையைக் கேட்டும், பராமரிப்பு வேலை நடக்கிறது என்று எண்ணிக்கொண்டார். அந்த இடத்தைக் காட்ட வேண்டிய கேமரா பழுதாகிப் பல மாதங்களாகச் சரிசெய்யப்படாமல் கிடந்தது. பொய் எச்சரிக்கைகள் அடிக்கடி ஒலித்துப் பழகியதால் மெய்யான எச்சரிக்கைக்கும் மதிப்பில்லாமல் போயிருந்தது. அங்கே பணத்துக்கோ கருவிக்கோ ஆயுதம் தாங்கிய காவலுக்கோ பஞ்சமில்லை. பழுதைப் பழுதாகவே விட்டுவைக்கும் வழக்கம்தான் வேலியைத் திறந்துவிட்டது.

உள்ளாள், அதாவது நிறுவனத்துக்குள்ளேயே இருந்துகொண்டு தீங்கு செய்பவர், பற்றிய எச்சரிக்கை இதைவிடக் கடினமானது. 1992-இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்க் நகரிலிருந்த லூச் என்னும் அணு ஆராய்ச்சி நிறுவனத்தில், நெடுங்காலம் பணிசெய்த பொறியாளர் ஒருவர் 90 விழுக்காடு செறிவூட்டிய யுரேனியத்தை மாதக்கணக்கில் சிறிது சிறிதாக எடுத்து, மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை கிலோவைச் சேர்த்துவிட்டார். உற்பத்தியில் இயல்பாக வீணாகும் அளவு என்று கணக்கில் அனுமதிக்கப்பட்டதற்குள் ஒவ்வொரு முறையும் அடங்கியதால் நிறுவனம் எதையும் உணரவில்லை. அவர் பிடிபட்டதும் தற்செயலாகவே. 2014 ஆகஸ்ட் மாதம் பெல்ஜியத்தின் டோல் 4 அணுமின் நிலையத்தில் சுழலியின் (டர்பைன்) மசகெண்ணெய் வேண்டுமென்றே வடிக்கப்பட்டு, சுழலி பெருஞ்சேதம் அடைந்து, உலை பல மாதங்கள் நிறுத்தப்பட்டது. உள்ளே செல்ல உரிமை பெற்ற ஒருவரே செய்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. இத்தகைய செயல்களை வேலியால் தடுக்க இயலாது. ஒருவர் தனியாக நிற்கக் கூடாத இடத்தில் இருவர் நிற்கும் விதி, உடன் பணிபுரிபவரின் நடத்தையில் மாறுதல் கண்டால் தயங்காமல் சொல்லும் துணிவு, சொன்னவரைப் பழிவாங்காத மேலாண்மை ஆகியவையே பயன்படும். இவற்றுள் மூன்றாவது இல்லாவிட்டால் இரண்டாவது ஒருபோதும் வராது என்பதை நிறுவனத் தலைமைகள் போதுமான அளவு உணரவில்லை என்றே நினைக்கிறேன்.

நுழைவு அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்த மூத்த அதிகாரியை வாயிலில் இருப்பவர் உள்ளே விடலாமா? ‘தெரிந்த முகம்தானே’ என்று விட்டுவிட்டால், அன்று அங்கிருக்கும் அனைவரும் விதி யாருக்கு என்பதைக் கற்றுக்கொள்கிறார்கள். அதிகாரியே திரும்பிச் சென்று, தற்காலிக அட்டை பெற்றுக்கொண்டு, தடுத்தவருக்கு நன்றி சொன்னால் அவர்கள் கற்பது வேறு. பண்பாட்டை வளர்ப்பதில் தலைமையின் பங்கு சுற்றறிக்கையைவிட இத்தகைய தருணங்களில்தான் அதிகம்.

பாதுகாப்புப் பண்பாடும் காப்புப் பண்பாடும் தம்முள் இழுபறி கொள்ளும் இடங்களும் உண்டு. விபத்தில் கற்ற பாடத்தை எல்லா நிலையங்களுக்கும் வெளிப்படையாகச் சொல் என்கிறது முன்னது. காப்பு ஏற்பாட்டின் குறையை அறிய வேண்டியவருக்கு மட்டும் சொல் என்கிறது பின்னது. தீ மூண்டால் கதவு உடனே திறக்க வேண்டும். பொருளைக் காக்க அதே கதவு எளிதில் திறக்கக் கூடாது. இரு துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால் ஒழிய இதற்கு விடை கிடைக்காது. அப்படிப் பேசுவதற்கு இரண்டு சொற்கள் வேண்டும் என்பதாலேயே ‘காப்பு’ என்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இத்தொடரை அணு உலைகளோடு நிறுத்திவிடக் கூடாது. 1987-இல் பிரேசிலின் கொயானியா நகரில், மருத்துவமனை ஒன்று காலிசெய்துவிட்டுப் போன கட்டடத்தில் கைவிடப்பட்டிருந்த கதிரியக்கச் சிகிச்சைக் கருவியை இருவர் பழைய இரும்பாக விற்க எடுத்துச் சென்றார்கள். அதிலிருந்த சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் ஊரில் பரவி நால்வர் இறந்தார்கள். புற்றுநோய் மருத்துவமனைகள், தொழிற்சாலைக் கதிர்ப்படச் சோதனை நிறுவனங்கள், ஆய்வுக்கூடங்கள், கதிரியக்கப் பொருள்களை ஏற்றிச்செல்லும் வண்டிகள் ஆகிய அனைத்துக்கும் இக்கருத்து உரியது. உலையும் எரிபொருளும் இல்லாத அவ்விடங்களைப் பற்றி எழுதும்போது ‘கதிரியக்கப் பொருள் காப்புப் பண்பாடு’ என்று விரித்துச் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச்சொல்லாக ‘அணுக் காப்புப் பண்பாடு’ என்பதை, ஒற்றெழுத்துகளை விடாமல், வழங்கலாம்.