லிவிங் வில்: "வென்டிலேட்டர் வேண்டாம்"னு ஒரு வரி எழுதுனா போதுமா?

ஐசியு வாசல்ல டாக்டர் வந்து "அடுத்து என்ன பண்ணலாம், நீங்கதான் சொல்லணும்"னு கேட்டா வீட்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. கூடவே இருந்து பாத்துக்கிட்ட மக "போதும் சார், அப்பாவ படுத்தாதீங்க"ம்பா, வெளிநாட்ல இருந்து ஃபிளைட் புடிச்சு வந்த மகன் "எவ்ளோ ஆனாலும் பரவால்ல, எல்லாம் பண்ணுங்க"ம்பான், ரெண்டு பேருமே பாசத்துல தான் பேசுறாங்க. படுத்திருக்கவருக்கு என்ன வேணும்னு மட்டும் யாருக்கும் தெரியாது. அத முன்னாடியே எழுதி வைக்கறதுதான் லிவிங் வில், கோர்ட் பாஷைல அட்வான்ஸ் மெடிக்கல் டைரக்டிவ். சொத்து உயிலோட இத போட்டு குழப்பிக்காதீங்க, அத பிரிக்கிறதே நாம போனப்புறம் தான்.

இதுக்குன்னு பார்லிமென்ட்ல போட்ட தனி சட்டம் எதுவும் கிடையாது. காமன் காஸ்ங்கற தொண்டு நிறுவனம் போட்ட வழக்குல 2018 மார்ச் 9ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதிங்க, கண்ணியமா சாகுறதும் அரசியல் சாசனம் 21வது பிரிவுல வர்ற உரிமைதான்னு சொல்லி, இத எழுதுறதுக்கு வழிமுறையும் குடுத்தாங்க. ஆனா மாஜிஸ்திரேட் கையெழுத்து வாங்கணும்னு வச்சதால அது பேப்பர்லயே நின்னு போச்சு, வயசானவங்க இதுக்காக கோர்ட் வாசல் ஏறுவாங்களா என்ன? 2023 ஜனவரி 24ல கோர்ட்டே அத மாத்திடுச்சு. இப்ப ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போட்டு, நோட்டரி இல்லன்னா கெசடட் ஆபீசர்கிட்ட அட்டஸ்ட் வாங்குனா போதும். 18 வயசு ஆகி, சுயபுத்தியோட, யாரும் கட்டாயப்படுத்தாம எழுதணும், அவ்ளோதான்.

என்ன எழுதணும்ங்கறதுல தான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. "வென்டிலேட்டர் வேண்டாம்"னு மட்டும் எழுதுனா, நாளைக்கு நல்லா நடமாடிட்டு இருக்கும்போது நிமோனியா வந்து நாலு நாள் மிஷின்ல வச்சா எழுந்துடுவீங்கன்னாலும் வீட்ல இருக்கவங்க அந்த வரிய புடிச்சுக்கிட்டு குழம்புவாங்க. அதுக்காக "நிம்மதியா போகணும்"னு மட்டும் எழுதுனாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா தெளிவா இல்லாத டைரக்டிவ்வ மெடிக்கல் போர்டு, அதாவது இத முடிவு பண்ற டாக்டருங்க குழு, நிறைவேத்தக் கூடாதுன்னு தீர்ப்புலயே இருக்கு. உங்களுக்கு எது முக்கியம்ங்கறதயும் எத நிறுத்தணும்ங்கறதயும் சேர்த்து எழுதுங்க. உதாரணத்துக்கு: "சரியாகுற வியாதின்னா எல்லா வைத்தியமும் பாருங்க. இனி தேற வழியில்ல, புள்ளைங்கள அடையாளம் தெரியற நிலைமைக்குக் கூட திரும்ப மாட்டேன்னு டாக்டருங்க சொல்லிட்டா வென்டிலேட்டர், டயாலிசிஸ் எதுவும் வேண்டாம், இதயம் நின்னா அமுக்கி எழுப்ப வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து குடுங்க. முடிஞ்சா வீட்டுக்கு கொண்டு போங்க. எனக்காக நிலத்த விக்காதீங்க." இந்த கடைசி வரிய எழுத கூச்சப்படாதீங்க, நம்ம ஊர்ல முக்கால்வாசி சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

உங்களால பேச முடியாதப்ப உங்களுக்காக முடிவு சொல்ல கார்டியனா இல்ல நெருங்கின சொந்தக்காரரா ஒண்ணுக்கு மேற்பட்டவங்க பேர போடலாம். மூத்த மகன்ங்கறதுக்காக மட்டும் போடாதீங்க, நீங்க எழுதுனத அழுதுக்கிட்டேயாவது டாக்டர்கிட்ட சொல்லக்கூடிய ஆளா பாருங்க. அவங்க சம்மதமும் வேணும், அதனால உக்கார வச்சு பேசிட்டு எழுதுங்க.

எழுதிட்டா உடனே டாக்டர் பிளக்க புடுங்கிடுவாரோன்னு பயம் வேண்டாம். தேற வழியில்லாத வியாதி, நீங்களே முடிவு சொல்ற நிலைமைல இல்ல, இது ரெண்டும் சேர்ந்தா தான் இந்த பேப்பருக்கே வேலை. அப்பவும் ட்ரீட்மென்ட் பாக்குற டாக்டரும் அஞ்சு வருஷம் அனுபவம் இருக்க ரெண்டு ஸ்பெஷலிஸ்ட்டும் சேர்ந்த முதல் போர்டு, அப்புறம் மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கற டாக்டர் இருக்க ரெண்டாவது போர்டு, ரெண்டும் ஒத்துக்கணும், ஒவ்வொண்ணும் முடிஞ்சவரை 48 மணி நேரத்துல சொல்லணும். நிறுத்துறதுக்கு முன்னாடி மாஜிஸ்திரேட்டுக்கு ஆஸ்பத்திரி தகவல் குடுக்கணும். போர்டு மறுத்தா ஹைகோர்ட் போகலாம். ஊசி போட்டு உயிர எடுக்குறது இதுல வரவே வராது, அது இன்னைக்கும் குற்றம் தான்.

காப்பிய கார்டியனுக்கும் ஃபேமிலி டாக்டருக்கும் குடுங்க, பஞ்சாயத்து இல்ல மாநகராட்சில அதுக்கான அதிகாரிகிட்டயும் ஒண்ணு குடுக்கணும். கர்நாடக அரசு 2025 ஜனவரில இதுக்குன்னு சுற்றறிக்கையே போட்டுச்சு. உங்க ஊர் ஆபீஸ்ல "அப்படின்னா என்ன சார்"னு திருப்பி கேட்டா 2023 உத்தரவோட பிரிண்ட்ட நீட்டுங்க. ஒரிஜினல பீரோவுல வச்சு பூட்டிட்டு சாவி எங்கன்னு சொல்லாம இருந்துடாதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வரும்போது யாரு தேடுவா? மனசு மாறுனா எப்ப வேணாலும் எழுத்துல ரத்து பண்ணலாம், புதுசா எழுதுனா கடைசியா எழுதுனது தான் செல்லும்.