மாடி பூரா சோலார், அப்புறம் ஏன் ஃபேன் நின்னுச்சு?

போன சித்திரைல ஒரு மத்தியானம், பாளையங்கோட்டைல இருந்து ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க. "தம்பி, வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, மாடில பேனல் இருக்கு, ஆனா கரண்ட் போனதும் எங்க வீட்டு ஃபேனும் நின்னுட்டு. பேனல் கெட்டுப்போச்சா?"

பேனல்ல ஒரு கோளாறும் இல்ல. அவங்களுக்குப் போட்டது பேட்டரி இல்லாத ஆன்கிரிட் சிஸ்டம், பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்துற அந்த இன்வெர்ட்டர் ஈபி லைன்ல கரண்ட் இருந்தாத்தான் ஓடும், லைன் நின்னா அதுவும் அந்த நொடியே நின்னுடும், வேணும்னேதான் அப்படி செஞ்சிருக்காங்க. ஏன்னா லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பி போஸ்ட்ல ஏறுற லைன்மேன் மேல நம்ம மாடி கரண்ட் பாயக்கூடாது. உயிர் விஷயம்ங்க இது. அத பைபாஸ் பண்ணித் தர்றேன்னு எவராவது சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. இதெல்லாம் பேனல் விக்கும்போதே சொல்லியிருக்கணும், யாரும் சொல்றதில்ல, அதான் எனக்கு வருத்தம்.

சூரியன், காத்து, தண்ணி எல்லாமே தீராத கரண்ட்தான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்கு. ஆரல்வாய்மொழி கணவாய்ல வைகாசி பிறந்தா காத்து பிச்சுக்கும், முப்பந்தல் காத்தாடி ராத்திரியும் சுத்தும், ஐப்பசி வந்துட்டா அந்த வேகம் இருக்காது. கமுதில 648 மெகாவாட் சோலார் இருக்கு, ஆனா நாம லைட்டு, ஏசி எல்லாம் போடுற ஏழு மணிக்கு அங்க இருந்து ஒண்ணும் வராது. அதனாலதான் ஆனைமலைல கடம்பாறை மாதிரி ஒரு இடம் வேண்டியிருக்கு, மிஞ்சுற கரண்ட்ல தண்ணிய மேல் அணைக்கு ஏத்தி வச்சுக்கிட்டு, தேவைப்படுற நேரம் கீழ விட்டு 400 மெகாவாட் வரைக்கும் எடுக்கலாம். சேத்து வைக்க இடம் இல்லாட்டி நாட்டுக்கும் அந்த அம்மா வீட்டு கதைதான்.

வீட்டுக்கு வருவோம். உங்க ஏரியால கரண்ட் அதிகம் போகாதுன்னா ஆன்கிரிட்டே போதும், பகல்ல மிஞ்சுறது லைனுக்குப் போய் பில்லுல கழியும். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும். 2024ல வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம் இருக்கு. அடிக்கடி கரண்ட் போகுதுன்னா, லைன் நின்னாலும் பேட்டரில ஓடுற ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் ஃபேன், லைட்டுக்கு மட்டும் சின்ன பேட்டரியும் கேளுங்க, செலவு கூடத்தான்.

அந்த அம்மா வீட்டுக்கு நேர்ல போனப்ப இன்னொண்ணும் பாத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு தண்ணி டேங்க் நிழல் ஒரே ஒரு பேனல் ஓரத்துல விழுது, ஆனா அந்த வரிசையே சோர்ந்துபோகுது. போதாததுக்கு வெயில் நேரத்துல போர் தண்ணிய ஊத்திக் கழுவி கண்ணாடி பூரா வெள்ளை வெள்ளையா உப்புத் திட்டு. விடியகாலைல, பேனல் சூடேறுறதுக்கு முன்னாடி, நல்ல தண்ணில மெல்லிசு துணி வச்சு துடைச்சாலே போதும். நிழலுக்கு, அட்வான்ஸ் குடுக்கும் முன்னாடியே காலைல எட்டு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மாடிய போட்டோ எடுத்து, பேனல் மாட்ட வர்றவர்கிட்ட காட்டுங்க.