ஒரு கட்டத்துக்குள் மூன்று ஆசிரியர்கள்

பள்ளி நூலகம் ஒன்றின் புத்தகப் பட்டியலை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பராமரித்துவரும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: ஒரு நூலின் ஆசிரியர்கள் மூவரையும் ஒரே கட்டத்தில் குறித்துவைக்க விடும் மென்பொருள், அதே புலத்தை (அட்டவணையின் ஒரு நெடுவரிசையை) வைத்து அகரவரிசைப்படுத்தச் சொன்னால் ஏன் மறுக்கிறது?

வரிசைப்படுத்த வேண்டுமானால், எந்த இரு பதிவுகளை எடுத்தாலும் எது முன், எது பின் என்று சொல்ல முடிய வேண்டும். ஒரு நூலை அழகப்பனும் வள்ளியும் சேர்ந்து எழுத, மற்றொன்றைக் கண்ணன் தனியாக எழுதியிருந்தால், கண்ணன் அழகப்பனுக்குப் பின்னும் வள்ளிக்கு முன்னும் வருகிறார். எனவே அந்த நூல் முதல் நூலுக்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு விடையே இல்லை. ஊகித்து ஏதோ ஒரு வரிசையைத் தருவதைவிட மறுப்பதே நேர்மை என்பது என் கருத்து.

தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டைக் கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் வெளியிட்டபோதே, ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆக்சஸ் 2007இல், மைக்ரோசாஃப்டின் கூட்டுப்பணித் தளமான ஷேர்பாயின்டின் பட்டியல்களோடு ஒத்துப்போவதற்காக வந்த, ஒரே கட்டத்தில் பல மதிப்புகளை ஏற்கும் பன்மதிப்புப் புலம் அந்த விதியை மீறுவதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது மீறவில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. நாம் மூன்று பெயர்களுக்கு எதிரே குறியிடும்போது, நம் கண்ணுக்குப் படாத ஓர் அட்டவணையில், இந்த நூலுக்கு இந்த ஆசிரியர் என்ற வகையில் மூன்று தனி வரிகள் எழுதப்படுகின்றன. காற்புள்ளியிட்டுத் திரையில் தெரியும் பெயர்த்தொடர், அவ்வரிகளைத் திரட்டி அந்த நேரத்தில் கட்டிக்காட்டப்படும் தோற்றம் மட்டுமே.

அந்த மறைவு அட்டவணையை வெளியே கொண்டுவர, வினவலில் (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளையில்) புலத்தின் பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் 'வேல்யூ' (Value) என்ற சொல்லும் இட்டால் போதும். உடனே ஒரு நூல் மூன்று வரிகளாக விரிகிறது, வரிசைப்படுத்தலும் நடக்கிறது. பழைய நூலகங்களில் ஒவ்வோர் ஆசிரியர் பெயரிலும் தனித்தனி அட்டை எழுதி வைத்ததைப் போன்றது இது. ஆனால் 200 ரூபாய் நூலின் விலையும் மூன்று முறை வருவதால், அந்த வினவலிலேயே விலையைக் கூட்டினால் 600 என்று வரும். நூலுக்கு ஒரு வரிதான் வேண்டுமென்றால், நூல்வாரியாகத் தொகுத்து, அகரவரிசையில் முந்தும் பெயரை, மிகச் சிறிய மதிப்பைத் தரும் 'மின்' (Min) சார்பின் மூலம் எடுக்கலாம். புலத்தில் பெயருக்குப் பதில் ஆசிரியர் எண் சேமிக்கப்பட்டிருந்தால், வரிசையும் எண்ணின்படியே அமைந்துவிடும். அப்போது ஆசிரியர் அட்டவணையை இணைத்து, பெயர்ப் புலத்தின்படி வரிசைப்படுத்த வேண்டும்.

ஏற்றுமதியின் சிக்கலும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. எக்செலுக்கு அனுப்பும்போது மதிப்புகள் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே கட்டத்தில் போய் விழுகின்றன. மதிப்புக்குள்ளேயே அரைப்புள்ளி இருந்தால் எது எங்கே முடிகிறது என்று பின்னர் கண்டறிய முடியாது. ஃபைல்மேக்கர் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருள், ஒரே புலத்தில் பல மதிப்புகளை வைக்கும் மீள்புலங்களை டேப் பிரிப்பு உரையாக அனுப்பும்போது, அம்மதிப்புகளைப் பிரிக்க, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையின் 29ஆம் குறியைப் பயன்படுத்துகிறது. பிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட 28 முதல் 31 வரையிலான நான்கு குறிகளுள் ஒன்றான அது யாரும் தட்டச்சு செய்யாத எழுத்து என்பதால், அதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை. ஆக்சஸில் பாதுகாப்பான வழி, விரித்த வினவலையே ஏற்றுமதி செய்வது.

முதலாசிரியர் யார் என்பதையும் காக்க வேண்டுமானால், வாசகர் பன்மதிப்புப் புலத்தை விட்டுவிட்டு, நூல் எண், ஆசிரியர் எண், வரிசை எண் ஆகிய மூன்று புலங்கள் கொண்ட இணைப்பு அட்டவணையைத் தாமே அமைத்துக்கொள்வது நல்லது. குறியிடும் பெட்டிகளில் அந்த மூன்றாவது எண்ணை எழுத இடமில்லை.