இல்லம் நடத்துவோரே, ஊழியர் பதிவேட்டையும் கொஞ்சம் பாருங்கள்

மூளை முடக்குவாதம் உள்ள, முப்பது வயதைக் கடந்த ஓர் ஆணைக் குளியலறையிலிருந்து ஒற்றை ஆளாகத் தூக்கியபோது, பராமரிப்பு ஊழியரான ஒரு பெண்ணுக்கு இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது. ஸ்கேனும் மருந்தும் அவருடைய சொந்தச் செலவு. படுக்கையில் கிடந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து மாற்றுத்திறனாளிகள் இல்லங்களிலிருந்து இத்தகைய வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக என் மேசைக்கு வந்துகொண்டே இருப்பதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று. நான் அனுப்பும் ஒவ்வொரு நோட்டீசுக்கும் வரும் பதில், கார்பன் வைத்து எழுதியதைப் போல ஒன்றே: “நாங்கள் லாப நோக்கமற்ற தொண்டு நிறுவனம்; எங்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தா.”

பொருந்தும். இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. வருமான வரித் துறை தரும் 12ஏ, 80ஜி பதிவுகள் உங்கள் வருமானத்திற்கும் உங்களுக்கு நன்கொடை தருபவர்களுக்கும் வரிச்சலுகை தருபவை. ஊழியருக்குத் தர வேண்டியவற்றிலிருந்து உங்களுக்கு விலக்குத் தருபவை அல்ல. அறக்கட்டளைப் பத்திரத்தில் ‘சேவை’ என்று எத்தனை இடங்களில் எழுதியிருந்தாலும் அது அறங்காவலர்களின் நோக்கத்தைத்தான் சொல்லும். காலை ஏழு மணிக்கு வந்து கழிப்பறை கழுவி, ஊட்டிவிட்டு, உடை மாற்றிவிட்டுச் செல்லும் ஆயாம்மாவின் நோக்கத்தைச் சொல்லாது. அவர் மாதச் சம்பளத்திற்கு வருகிறார். 1978இல் பெங்களூர் குடிநீர் வழங்கல் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதை அலசியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் நம் பாலக்காட்டு மண்ணில் பிறந்தவர்தான். கருணை காட்டுவது நிறுவனம் நடத்துகிறவர், ஊழியரோ கூலிக்கு உழைப்பவர், ஆகவே ஊழியரைப் பொறுத்தவரை அத்தகைய அறநிறுவனமும் ‘தொழில்’தான் என்பது அதில் காணப்பட்ட முடிவு. கூலி எதிர்பாராமல் இலட்சியத்துக்காகவே உழைக்கிறவர்களால் நடக்கும் நிறுவனத்திற்கு மட்டும் அத்தீர்ப்பு விலக்களித்தது. உங்கள் சமையற்காரரும் இரவுக் காவலரும் அந்த வகையினரா என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றிணைத்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து இந்தத் தவறான எண்ணத்திற்குப் புதிய ஊட்டம் கிடைத்துவிட்டது. தொழில் உறவுகள் தொகுப்பு, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணியில் ஈடுபட்டுள்ள அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்பதன் வரையறையிலிருந்து நீக்கியிருக்கிறது, அது உண்மை. ஆனால், அந்த விலக்கு அந்தத் தொகுப்பு பேசும் ஆட்குறைப்பு, தொழில் தகராறு, நிலையாணைகள் (நிறுவனத்தின் பணி விதிகள்) போன்றவற்றுக்கானது. குறைந்தபட்ச ஊதியம் வேறொரு தொகுப்பில் இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), ஊழியர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.), பணிக்கொடை, மகப்பேறு நலன் ஆகியவை இன்னொன்றில் இருக்கின்றன. ஒரு பத்தியைப் படித்துவிட்டு நான்கு தொகுப்புகளையும் மூடிவைக்கும் நிர்வாகிகளைப் பார்த்து அலுத்துப்போய்விட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, பணியிடம் என்பதன் வரையறையிலேயே அறக்கட்டளையையும் தன்னார்வத் தொண்டு நிறுவனத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 10 பேர் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

அடுத்தது, சம்பளம் பெற்றதாகக் கையெழுத்து வாங்கும் வவுச்சர் விவகாரம். அண்மையில் நான் பார்த்த ஒரு சம்பளப் பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. தொகைக்கான கட்டம் மட்டும் கையெழுத்து வாங்கும்போது காலியாக விடப்பட்டிருந்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. நிதி தரும் அமைப்புக்குக் காட்டிய தொகை ஒன்று, ஊழியர் கைக்குப் போனது வேறொன்று. இதை மதிப்பூதியம் என்றோ ஊக்கத்தொகை என்றோ கணக்கில் எழுதுவதால், நேரம் குறித்து, மேற்பார்வைக்குட்பட்டு, மாதாமாதம் நடக்கும் வேலை வேறொன்றாகிவிடாது. உள்ளேயே தங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதும் குறைந்தபட்ச ஊதியத்தை உங்கள் விருப்பப்படி பாதியாக்கும் காரணம் அன்று. அதே காரணத்தைச் சொல்லி இரவில் வலிப்பு வருபவர் பக்கத்தில் படுக்கவைத்து, மறுநாள் காலையும் வேலை வாங்குவது, இரட்டிப்பு ஊதியம் தர வேண்டிய மிகைநேரப் பணியை இலவசமாகப் பெறுவதேயன்றி வேறில்லை.

எல்லைப் பகுதிக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. கோயம்புத்தூரில் பதிவு செய்த அறக்கட்டளை வாளையாருக்கு இப்பால் ஓர் இல்லம் தொடங்குகிறது. ஊழியர்களில் பாதிப்பேர் தினமும் பேருந்தில் எல்லை தாண்டி வருகிறார்கள். குறைந்தபட்ச ஊதியம் வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்தது. அறக்கட்டளையின் முகவரியையோ ஊழியரின் ரேஷன் கார்டையோ பொறுத்ததன்று. இல்லத்திற்கான பதிவும் அப்படியே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, அந்தந்த மாநிலம் நியமித்த அதிகாரியிடம் பதிவுச் சான்றிதழ் பெறாமல் நிறுவனம் நடத்தக் கூடாது. தமிழ்நாட்டுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுப் பாலக்காட்டுச் சுவரில் மாட்டுவதால் பயனில்லை.

வைப்பு நிதியில் கணக்கு நேர்மாறாகப் போகும். 1952ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே கிளைகள் எங்கிருந்தாலும் ஒரே நிறுவனமாகத்தான் எண்ணப்படுகின்றன. எல்லைக்கு அப்பால் சிறப்புப் பள்ளியில் 12 பேர், இப்பால் இல்லத்தில் 9 பேர் என்றால் மொத்தம் 21, வைப்பு நிதி கட்டாயமாகும் வரம்பு 20. இதிலிருந்து தப்ப ஒரே குடும்பத்தார் பெயரில் மூன்று அறக்கட்டளைகள் தொடங்கும் யோசனையை உங்களுக்குச் சொன்னவர் யாராக இருந்தாலும் அவரை மாற்றிவிடுங்கள். பிடிபட்டால் ஊழியர் பங்கு, நிர்வாகப் பங்கு ஆகிய இரண்டும், அதாவது ஊதியத்தில் 24 சதவீதம், பழைய காலத்திற்கும் சேர்த்து உங்கள் தலையில்தான் விழும். ஊழியரின் பங்கைப் பின்னர் அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் இழப்பீடும் தனி.

இ.எஸ்.ஐ. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 10 பேர் இருந்தால் பதிவு செய்ய வேண்டும். மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய், ஊழியரே மாற்றுத்திறனாளி என்றால் 25,000. நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம்தான். மேலே சொன்ன பெண்ணுக்கு இந்தப் பதிவு இருந்திருந்தால் பணிக்காயமாகக் கருதி, ஓய்வு நாட்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் அளவுக்குப் பணப்பலன் கிடைத்திருக்கும். பதிவு செய்யாத நிர்வாகத்திடமிருந்து அந்தத் தொகையை வசூலிக்கும் அதிகாரமும் இ.எஸ்.ஐ. கழகத்திற்கு உண்டு. மாதச் சந்தாவை மிச்சம் பிடித்ததாக நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

ஆகவே, பணிநியமனக் கடிதம் கொடுங்கள். புதிய தொகுப்பு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சம்பளத்தை வங்கி வழியாக, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போடுங்கள். பெரியவர்களைத் தூக்க எப்போதும் இருவரை நிறுத்துங்கள்; தூக்குப் பட்டையோ சக்கரம் வைத்த குளியல் நாற்காலியோ வாங்கும் செலவு ஒரு வழக்குச் செலவைவிடக் குறைவு. சிறப்பாசிரியர்களுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லவாசிகள் செய்யும் காகிதப் பைகளையும் மெழுகுவத்திகளையும் ‘பயிற்சி’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டு அவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பவர்களை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அதை நிறுத்துங்கள், அல்லது விற்ற காசில் பங்கு கொடுங்கள்.

ஊழியர்களுக்கும் ஒன்று. தொகை எழுதாத கட்டத்திற்கு எதிரே கையெழுத்துப் போடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் பக்கத்தை மாதம் ஒரு முறை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை கேரளத்தில் என்றால் ஊதியப் புகாரைப் பாலக்காட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில்தான் தர வேண்டும். கோயம்புத்தூரில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மலையாளம் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.