லிப் சிங்க்: தமிழில் வாயிசைவு

கார்ட்டூன் பாத்திரம் பேசும்போது அதன் வாயும் குரலும் சேர்ந்து வரும்படி செய்வதை அனிமேஷன் கற்பவர்கள் லிப் சிங்க் என்கிறார்கள். லிப் என்றால் உதடு. சிங்க் என்பது சிங்க்ரனைசேஷன் என்ற நீண்ட சொல்லின் குறுக்கம். வேர் கிரேக்கத்தில் இருக்கிறது: 'சின்' என்றால் உடன், 'க்ரோனோஸ்' என்றால் காலம். ஒரே காலத்தில் நடப்பது என்று பொருள். 1920களின் இறுதியில் பேசும் படங்கள் வந்தன. படத்தையும் ஒலியையும் பிசகாமல் சேர்த்து ஓட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் இந்தக் குறுக்கம் படத்தொழிலில் புழங்கத் தொடங்கியது. 'லிப்' அதனோடு ஒட்டிக்கொண்டது அப்புறம்தான்.

இன்று இந்த ஒரே சொல் மூன்று வேலைகளைக் குறிக்கிறது. பாடகர் முன்பே பதிவான பாட்டுக்கு மேடையில் வாயசைப்பது ஒன்று. டப்பிங்கில், படத்தில் இருக்கும் வாய்க்குப் பொருந்தக் குரல் கொடுப்பது இன்னொன்று. அனிமேஷனில் இது அப்படியே தலைகீழ்: பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற வாயைப் பிறகு வரைகிறார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'வாயசைப்பு' பாடகருக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் அதில் அசைவுதான் இருக்கிறது, பொருத்தம் இல்லை. பொம்மையின் வாய் சும்மா திறந்து மூடினாலும் அது வாயசைப்புதானே? 'உதட்டசைவு ஒத்திசைவு' பொருளில் பழுதில்லாதது, ஆனால் வேலைக்கு நடுவே சொல்ல முடியாத நீளம். தவிர, உதடு மட்டும் பேசுவதில்லை. தாடை இறங்குகிறது, பல் தெரிகிறது, 'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேலே போகிறது. அதனால் நான் 'வாயிசைவு' என்பதையே விரும்புகிறேன். இசைவு என்றால் பொருந்துதல். 'இசை' என்பதற்கு ஒலி என்ற பொருளும் உண்டு. கிரேக்க வேர் காலத்தை மட்டும் சொல்கிறது. தமிழ்ச் சொல் ஒலியோடு பொருந்துவதையும் சொல்கிறது.

கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எழுத்துக்கு ஒரு வாய் வரையப் பார்ப்பார்கள். அது தேவையே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பல ஒலிகளுக்கு ஒரே வாய்தான். தொல்காப்பியத்தின் பிறப்பியலைத் திறந்து பாருங்கள்: அ, ஆ இரண்டும் வாயை அங்காந்து பிறக்கின்றன, உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து, ப, ம இரண்டும் இதழ்கள் இயைந்து, வ பல்லும் இதழும் இயைந்து. ஒரு அனிமேட்டர் சுவரில் ஒட்டிவைக்கும் வாய் அட்டவணையின் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. க, ங போன்றவை வாயின் உட்புறத்தில் பிறப்பதால் அவற்றுக்குத் தனி வடிவம் வேண்டாம், பக்கத்து உயிரொலியின் வாயே போதும். இப்படிக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஒலிகளின் கூட்டத்துக்கு விசீம் என்று பெயர். ஃபிஷர் என்ற ஆய்வாளர் 1968இல் பயன்படுத்திய சொல். பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகுக்கு ஃபோனீம் என்று பெயர், தமிழில் ஒலியன். விசீமை 'வாயுரு' எனலாம்.

'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். திரைப்பட வழக்கப்படி ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். முதலில் வாய் அரைகுறையாகத் திறக்கும், 'ம்'முக்கு மூடி நிற்கும், 'மா'வுக்கு நன்றாக இறங்கும். அந்த மூடல் இரண்டு பிரேமாவது நிற்க வேண்டும். அது தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வாய் பொய்யாகத் தெரியும். மூடிய பிறகுதான் 'ம' ஒலிக்க முடியும் என்பதால், வாய் ஒலிக்கு ஓரிரு பிரேம் முந்தியே வர வேண்டும். கண் காதை எவ்வளவு ஆளுகிறது என்பதை மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர் 1976இல் காட்டினார்கள்: 'பா' என்ற ஒலியோடு 'கா' சொல்லும் வாயைக் காட்டினால் பலருக்குத் 'தா' என்று கேட்கிறது.

தமிழ் வசனத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பேச்சு, காற்று, வீடு போன்ற சொற்களின் கடைசியில் வருவது குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம். எழுத்தில் உகரம் இருக்கிறதே என்று உதட்டைக் குவித்து வரைந்தால் தவறு. அங்கே இதழ் குவிவதில்லை, குரலும் சட்டென்று தேய்ந்துவிடுகிறது. 'பசு', 'குரு' போன்ற முற்றியலுகரச் சொற்களை நிறுத்திச் சொல்லும்போதுதான் குவிவு தெரியும். கண்ணாடி முன் நின்று 'காசு', 'பசு' என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். வசனத்தாளில் குற்றியலுகரம் வரும் இடங்களில் முன்கூட்டியே ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் வரையும்போது கை தானாகக் குவிவுக்குப் போகாது.